நாலு வீட்டில் தூங்கிய குழந்தை

ஜனவரி 8

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நான் நலம், என் வீட்டுக்காரி நலம், மாடியில் குடியிருக்கும் வீட்டுச் சொந்தக்காரர் எங்கள் இருவரையும்விட நலம். அங்கே நீ, அத்தான், மேலிடம் மூவரும் சௌக்கியம்தானே? மேலிடத்துக்கு இருமல் நின்றதா? போனில் பேசலாம் என்றால் அப்பா பிடுங்கிக்கொண்டு எனக்கு ஒழுக்கம் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்துவிடுகிறார். ஐம்பத்து மூன்று வயதில் புதிதாக எதுவும் ஏறாது. அதனால்தான் கடிதம்.

எங்கள் வார இதழ் ஆசிரியருக்கு ஒரு யோசனை பிறந்திருக்கிறது. எழுதுகிறவர்கள் எல்லோரும் ஆளுக்கு ஒரு வாரம் அவரவர் பூர்வீக வீட்டைப் பற்றி எழுத வேண்டுமாம். சமையல் குறிப்பு எழுதும் அம்மாளுக்குக்கூட எட்டு அறை வீடு இருந்திருக்கிறது. குறுக்கெழுத்துப் போட்டி நடத்துகிறவருக்கு மாளிகையே இருந்ததாம். அவர் எதையும் கட்டத்துக்குள் பொருத்திவிடுவார். எனக்கு என்ன இருக்கிறது? வரிசையாக வாடகை வீடுகள். இப்போது இருக்கும் வீட்டில் குழாயைத் திறந்தால் மாடியிலிருந்து ஒரு தலை எட்டிப்பார்த்து, “என்ன, குளியலா?” என்கிறது. இதைப் பூர்வீகம் என்று எழுத முடியுமா?

அப்போதுதான் ஒன்று தோன்றியது. அப்பா கைக்குழந்தையாக இருந்த வருஷத்து மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தாள்களை ஆவணக் காப்பகத்தில் யாரும் வந்து பார்க்கலாம் என்று திறந்துவிட்டிருக்கிறார்கள். அந்தக் கணக்கை எடுத்ததே நம் தாத்தாதானே! உன் வீட்டுக் கூடத்தில் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கும் நற்சான்றிதழை மறக்க முடியுமா? ‘பின் சந்து முழுவதும், ஒரு வாசலையும் விடாமல் நேரில் சென்று எண்ணியமைக்காக.’ நமக்கு மார்க் குறைந்தாலும், நாம் பால் பாத்திரத்தைக் கவிழ்த்தாலும், அப்பாவின் விரல் அந்தப் பக்கம்தான் நீளும். “உங்க தாத்தா ஒரு வாசல் விடல. நீ ஒரு கணக்கை விட்டுட்டு வந்து நிக்கிற.”

காப்பகம் ஒரு நீளமான அறை. வீட்டுக்கு ஒரு தாளாகக் கட்டுக் கட்டாக அடுக்கியிருக்கிறார்கள். பொறுப்பாளருக்குத் தூசி ஆகாது. ஒரு கட்டை அவிழ்த்தால் நாலு தும்மல். அந்த உத்தியோகத்துக்கு அவரைப் போட்ட புண்ணியவான் யாரோ! தும்மல்காரரிடம் தாத்தா பேரைச் சொன்னேன். தும்மினார், தேடினார், தும்மினார், ஒரு தாளை நீட்டினார்.

அக்கா, கெட்டியாக உட்கார்ந்துகொள். பின் சந்து, கதவு எண் ஒன்பது. குடும்பத் தலைவர், தாத்தா. அடுத்து அவர் மனைவி. அடுத்து அவருடைய மாமியார், வயது ஐம்பது. கடைசியாக, ‘ஆண் குழந்தை, எட்டு மாதம்’. மேலிடமேதான்! அன்றிரவு அந்த வீட்டில் தூங்கியவர்களின் பட்டியல். எழுத்தும் தாத்தாவுடையது. ஊரை எண்ணப் போனவர் தன் வீட்டையும் தானே எண்ணியிருக்கிறார்.

பின் சந்து எது என்று உனக்கே தெரியும். ரயில் நிலையத்துக்குப் பின்னால் சாக்கடை அள்ளுகிறவர்கள் குடியிருந்த அதே சந்து. சின்ன வயதில் நம் பந்து அதற்குள் ஓடினால் ‘போனது போகட்டும்’ என்று திரும்பி வந்துவிடுவோம். கடைசியில் பார்த்தால் பந்துக்குத்தான் தன் பூர்வீகம் தெரிந்திருக்கிறது.

மேலிடத்திடம் பக்குவமாகக் கேட்டு எழுது. அத்தானின் முழங்காலை விசாரித்ததாகச் சொல்.

உன் அன்புத் தம்பி

*

ஜனவரி 23

அன்புத் தம்பிக்கு அக்கா எழுதுவது.

இங்கே எல்லோரும் நலமாகத்தான் இருந்தோம், உன் கடிதம் வரும்வரை. அத்தான் முழங்காலுக்கு எண்ணெய் தடவிக்கொண்டே படித்துவிட்டு, “இத்தனை வருஷம் கழிச்சுதான் தெரியுது, நான் எங்கே பொண்ணு எடுத்தேன்னு” என்று சிரித்தார். அவர் சிரித்தது எனக்குப் பிடிக்கவில்லை.

அப்பா பேப்பர் படிக்கும் நேரம் பார்த்துக் கேட்டேன். தலையைக்கூட நிமிர்த்தவில்லை. “நாம அந்தச் சந்துல இருந்ததே இல்ல. ஸ்டேஷன் பக்கம் வாடகைக்கு இருந்தோம். தாள்ல என்ன எழுதியிருந்தாலும் இல்ல.” அவ்வளவுதான். மத்தியானம் சாப்பாடு வேண்டாம் என்று படுத்துவிட்டார். அவருக்கும் அவமானம் இருக்காதா?

இதை உன் இதழில் எழுதிவைக்காதே. சம்பந்தி வீட்டில் அதை வாங்குகிறார்கள். உன் சட்டைப் பொத்தான், உன் வீட்டுக்காரியின் குறட்டை எல்லாவற்றையும் எழுதியாயிற்று. என் பிறந்த வீட்டையாவது விட்டுவை. கல்யாணம் பேசும்போது ‘எங்களுக்குப் பெரிய தெருவில் வீடு இருந்தது’ என்று நான் சொல்லிவைத்திருக்கிறேன். ஏன் சொன்னாய் என்று கேட்காதே. அந்தம்மாள் அவர்கள் வீட்டு மாடிப்படியின் அகலத்தை வர்ணித்துக்கொண்டே போனாள், எனக்கு வாய் தவறிவிட்டது.

உடம்பைப் பார்த்துக்கொள். அவளை விசாரித்ததாகச் சொல்.

அக்கா

*

பிப்ரவரி 6

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் கடிதம் கிடைத்தது. ஆனால் அது வருவதற்குள் என் கட்டுரை அச்சுக்குப் போய், வெளியாகி, கடைகளில் தொங்கிக்கொண்டிருக்கிறது. தலைப்பு, ‘சாக்கடையோரச் சிங்கங்கள்’. சம்பந்தியம்மாள் கேட்டால், தம்பி கற்பனையாக எழுதுகிறவன் என்று சொல்லிவிடு. வாசகர்கள் சிரித்து ஓய்ந்தபாடில்லை. ஆசிரியர் என் முதுகில் தட்டினார். தட்டியதோடு சரி, வேறெதுவும் கூடவில்லை.

மேலிடம் ‘இருந்ததே இல்லை’ என்று சாதிப்பதை நினைத்தால் பாவமாக இருக்கிறது. எட்டு மாதக் குழந்தைக்கு விலாசம் எப்படித் தெரியும்?

போன வாரம் நம் பூர்வீகத்தைப் பார்த்துவிட்டே வந்தேன். சந்து முனையில் ஒரு டீக்கடை, அதன் பெஞ்சு, பக்கத்தில் நகரசபையின் அறிவிப்புப் பலகை. சந்தை இடித்துவிட்டு அடுக்குமாடி கட்டப் போகிறார்கள். அந்தப் பழைய கணக்கெடுப்பில் எந்தக் கதவு எண்ணில் எந்தக் குடும்பத்தின் பேர் இருக்கிறதோ, அந்த வாரிசுக்கு அங்கே ஒரு வீடு. பேர் இல்லாதவர்களுக்கு எதுவும் இல்லை. நான் பலகையை இரண்டு தடவை படித்தேன். சும்மா படித்தேன்.

ஒன்பதாம் எண்ணில் ஒரு இஸ்திரிக்காரம்மா இருக்கிறாள். நாற்பது வயதிருக்கும். முன்னறை முழுக்க மேஜைதான். அதன்மேல் மடித்துப் போட்ட கம்பளியில் இஸ்திரிப் பெட்டி சுட்ட தழும்புகள். இதழின் பேரைச் சொன்னதும் ஒரு நாற்காலியைத் துடைத்துப் போட்டாள்.

“பத்திரிகைன்னா எங்க சந்தைப் பத்தி எழுத வந்தீங்களா சார்? உக்காருங்க. ஐயையோ, என்ன சார் சட்டை இது? தூங்குனது நீங்களா, சட்டையா? கழட்டுங்க, ரெண்டு இழுப்புல சரிபண்ணிடறேன்.”

வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை. அந்த வீட்டில் பனியனோடு நின்ற உன் தம்பி பையிலிருந்து அளவு நாடாவை எடுத்தான். “அளக்கணுமா? இந்த முனையை நான் பிடிக்கிறேன்” என்று இஸ்திரிப் பெட்டியை நிறுத்திவைத்துவிட்டு வந்து பிடித்தாள். முன்னறை, பின்னறை, சமையலுக்கு ஒரு தடுப்பு. சுவரெல்லாம் சுத்தமாக வைத்திருக்கிறாள். “நல்லா எழுதுங்க சார். எங்க பாட்டனுக்குப் பாட்டன் காலத்துலேருந்து இதே வாசல்தான்” என்றாள்.

பாட்டனுக்குப் பாட்டனாம்! தாளில் இருப்பது நாம். அவர்கள் பிற்பாடு எப்போதோ குடி வந்திருப்பார்கள். சட்டையை வாங்கிப் போட்டேன். இளஞ்சூடாக இருந்தது.

எதற்கு அளந்தாய் என்று நீ கேட்பாய். நாடா கையில் இருந்தது, அளந்தேன்.

தம்பி

*

பிப்ரவரி 11

தம்பிக்கு,

நலம். சம்பந்தியம்மாள் படித்துவிட்டாள். போனில் நன்றாகச் சிரித்துவிட்டு, கடைசியில், “அப்போ பெரிய தெருங்கிறது?” என்று ஒரு கேள்வி. ‘லைன் சரியில்லை’ என்று நான் வைத்துவிட்டேன். இரண்டு நாள் வாசலில் தலைகாட்டவில்லை.

போகட்டும். அந்த அடுக்குமாடி எத்தனை மாடி? காற்று வருமா? சந்தாயிருந்தால் என்ன, இடித்துக் கட்டிய பிறகு அதைச் சந்து என்று யார் சொல்லப் போகிறார்கள்? உனக்கும் வயதாகிறது, எத்தனை நாளைக்கு மாடிக்காரரிடம் குளியலுக்கு அனுமதி வாங்குவாய்? வாரிசு என்றால் மகள்வழியும் சேருமா என்று விசாரித்து வை. நான் எனக்காகக் கேட்கவில்லை.

அப்பாவுக்கு இதெல்லாம் தெரிய வேண்டாம். உன் கடிதங்களைத் தையல் மிஷின் மூடிக்குக் கீழே வைக்கிறேன். அவர் கை அங்கே போகாது.

அக்கா

*

மார்ச் 14

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் நலம்தானே? இங்கே நலத்துக்குக் குறைவில்லை. மற்றதெல்லாம் குறைவு.

விண்ணப்பம் கொடுத்துவிட்டேன். உன்னிடம் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். பனியனோடு நின்று அளந்தேன் பார், அதற்கு மறுநாளே கொடுத்துவிட்டேன். பிறகுதான் உனக்குக் கடிதம் எழுதினேன். ஒன்பதாம் எண் தாளின் நகலை இணைத்து, ‘வாரிசு’ என்ற இடத்தில் என் பேரை எழுதினேன். மகள்வழியும் சேருமாம். ஆனால் அதைக் கேட்ட சந்தோஷம் எனக்குப் போன செவ்வாய்க்கிழமையே வடிந்துவிட்டது.

அன்றைக்கு வாசல் மணி அடித்தது. இஸ்திரிக்காரம்மா. இதழ் அலுவலகத்தில் என் விலாசத்தைக் கேட்டு வாங்கி வந்திருக்கிறாள். செருப்பைப் படிக்கு வெளியே விட்டுவிட்டு, உள்ளே வராமல் நின்றாள். என் வீட்டுக்காரிதான் கையைப் பிடித்து இழுத்து வந்து உட்காரவைத்தாள்.

அவளுடைய விண்ணப்பம் திரும்பி வந்துவிட்டது. அவள் வீட்டு எண்ணில் வேறு குடும்பத்தின் பேர் இருக்கிறதாம். அந்தக் குடும்பத்திலிருந்து யாரோ மனுவும் போட்டிருக்கிறார்களாம்.

“எங்க ஆளுங்க பேரு பக்கத்து வீட்டுத் தாள்ல மாறி விழுந்திருக்கும் சார். நான் போய்க் கேட்டா அந்தத் தும்முற ஐயா மூஞ்சியைக்கூடப் பாக்கமாட்டேங்கறாரு. நீங்க படிச்சவரு. ஒரு தடவை போய்ப் பாத்துக் குடுங்க. யாரு சார் அந்தக் குடும்பம்? நாங்க பொறந்து வளந்த வீட்டைக் கேக்க எப்படி மனசு வருது?”

நான் டீயைக் குடித்தேன். என் வீட்டுக்காரி என்னைப் பார்த்தாள். அவளுக்குத் தெரியும், அக்கா. விண்ணப்பத்தில் சாட்சிக் கையெழுத்தே அவளுடையதுதான். “அவர் பாத்துக் குடுப்பார்மா” என்று அவளே சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போனவள், பிறகு வெளியே வரவில்லை.

“எங்க வீட்டுக்குள்ள வந்து உக்காந்த வெளியாளு நீங்க ஒருத்தர்தான் சார்” என்று சொல்லிவிட்டு இஸ்திரிக்காரம்மா போனாள்.

பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டேன். பக்கத்து வீட்டுத் தாளில் அவள் ஆட்களின் பேர் இருந்துவிட்டால் எல்லோருக்கும் நல்லது. அவளுக்கு அந்த எண், நமக்கு இந்த எண். நாளைக்குக் காப்பகம் போகிறேன்.

தம்பி

*

ஏப்ரல் 4

அக்காவுக்கு,

அங்கே எல்லோரும் நலமாக இருக்க வேண்டும். இதைத் தனியாக உட்கார்ந்து படி.

பின் சந்தின் கட்டு முழுவதையும் எடுக்கச் சொன்னேன். தும்மல்காரர் என்னை ஜென்மப் பகையாளியைப் போலப் பார்த்தார். ஒன்றாம் எண்ணிலிருந்து ஆரம்பித்தேன். இஸ்திரிக்காரம்மா தன் பாட்டனின் அப்பா பேரைச் சொல்லி அனுப்பியிருந்தாள். அந்தப் பேர் ஒன்றில் இல்லை, இரண்டில் இல்லை. ஆனால் நாலாம் எண்ணில் யார் இருந்தார்கள் தெரியுமா? நம் சின்னத் தாத்தா. தொழில், செருப்புத் தைத்தல். மனைவி, மூன்று பெண்கள். கடைசிவரை கல்யாணமே செய்துகொள்ளாத மனுஷன், அக்கா! ஏழாம் எண்ணில் மறுபடியும் அவரே, இந்தத் தடவை மனைவியை இழந்தவர்.

தாத்தாவின் மாமியாருக்கு ஒன்பதில் ஐம்பது வயது, பதினொன்றில் நாற்பத்தைந்து. குறைபாடு என்ற இடத்தில் ‘ஊமை’ என்று எழுதியிருக்கிறார். அந்தம்மாள் தாத்தாவை வாயைத் திறக்கவிட மாட்டாள் என்று அம்மா சொல்வாளே, அது நிஜம்தான் போலிருக்கிறது. பதினாலில் அதே அம்மாள் முப்பது வயது விதவை. ஒன்பது, பதினொன்று, பதினாலு, மூன்று வீட்டிலும் கடைசி வரியில் ஒரே குழந்தை. ‘ஆண், எட்டு மாதம்.’

பிறகு ரயில் நிலையத் தெருவின் கட்டையும் கேட்டு வாங்கினேன். அங்கே வேறொருவர் கையெழுத்தில் நம் குடும்பம் முழுசாக இருக்கிறது. தாத்தா, அவர் மனைவி, அப்பா. ‘வாடகை, ஒரு அறை.’ அப்பா சொன்னதுதான் சரி. முதல் நாளே தும்மல்காரர் இன்னும் ஒரு கட்டை அவிழ்த்திருந்தால் இதுவும் கிடைத்திருக்கும். ஒன்று கிடைத்ததும் போதும் என்று ஓடி வந்தவன் நான். நமக்குப் பூர்வீக வீடு என்று ஒன்று இருந்தால், அதுவும் வாடகை வீடுதான்.

புரிகிறதா? தாத்தா அந்தச் சந்துக்குள் போகவே இல்லை. முனையில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, ஒவ்வொரு எண்ணுக்கும் ஆட்களை உண்டாக்கி எழுதியிருக்கிறார். பேர் வராதபோது சொந்தக்காரர்களைக் கூப்பிட்டுக்கொண்டார். கதையில் ஆளுக்குப் பேர் கிடைக்காவிட்டால் நானும் அதைத்தான் செய்வேன். எழுத்து எனக்கு எங்கிருந்து வந்தது என்று பேட்டிகளில் கேட்பார்கள். இனிமேல் சொல்லலாம்.

அவள் பாட்டனின் அப்பா எந்த வீட்டிலும் இல்லை. அந்தச் சந்தில் இருந்த ஒருவர்கூட எந்தத் தாளிலும் இல்லை. ஊர்ச் சாக்கடையை அள்ளிக்கொண்டு, அன்றிரவும் அங்கேதான் தூங்கினார்கள். அவர்கள் வீடுகளில் நாம் தூங்கியதாக எழுதியிருக்கிறது. நான் அந்தத் தாளை வைத்து அவள் வீட்டைக் கேட்டிருக்கிறேன், அவளையே நாடாவைப் பிடிக்கச் சொல்லி.

மனுவைத் திரும்ப வாங்குவதோடு இது முடியாது. தாள் பொய் என்று நான் எழுதிக் கொடுக்க வேண்டும். நம் தாத்தாதான் எழுதினார் என்பதற்கு அத்தாட்சி கேட்கிறார்கள். சுவரில் இருப்பது வேண்டும், அக்கா. அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று நீதான் சொல்ல வேண்டும்.

தம்பி

*

மே 19

அன்புத் தம்பிக்கு,

இங்கே அனைவரும் நலம். பதில் போடத் தாமதமாகிவிட்டது. அத்தானுக்கு முழங்கால் வலி பரவாயில்லை. வெயில் அதிகம். பின்பக்கக் கதவு உப்பிக்கொண்டு சாத்த முடியவில்லை, தச்சரை வரச் சொல்லியிருக்கிறோம். பக்கத்து வீட்டில் புதுக் குடித்தனம் வந்திருக்கிறார்கள். நல்ல மாதிரி.

அப்பாவுக்கு இருமல் நின்றுவிட்டது. பேச்சும் கொஞ்சம் நின்றிருக்கிறது. வயதாகிறதல்லவா.

கூடத்துச் சுவரில் எல்லா ஆணிகளும் துருப்பிடித்துப் போயிருக்கின்றன. எதையாவது கழற்றினால் சுவரே பெயர்ந்து வந்துவிடும்.

அவளை விசாரித்ததாகச் சொல்.

அக்கா

*

மே 27

அக்காவுக்கு,

நலம் விசாரிக்க வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் விசாரிக்கிறேன்.

ஆணியைப் பற்றி எழுதியிருந்தாய். புரிந்தது. உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. நானாக இருந்தால் கதவை மட்டுமல்ல, ஜன்னலையும் பற்றி எழுதியிருப்பேன்.

மனுவைத் திரும்ப வாங்கிவிட்டேன். அதிகாரி சொல்கிறார், “நீங்க வாபஸ் வாங்கினா உங்களுக்கு வீடு கிடையாது, சரி. அதுக்காக அந்தம்மாவுக்குக் குடுக்க முடியுமா? தாள்ல அவங்க பேரு இல்லையே.” அவளுக்கு மட்டுமல்ல, அந்தச் சந்தில் ஒருவருக்கும் இல்லை. நம் தாத்தா ஒரு வாசலையும் விடவில்லை.

நேற்று அவளிடம் போய்ச் சொல்லிவிட்டேன். வழியெல்லாம் ஒரு வேடிக்கைப் பேச்சை ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். முதலில் அவளைச் சிரிக்கவைத்துவிட்டால் மற்றது சுலபம் என்று நினைத்தேன். தொழில் புத்தி. சின்னத் தாத்தாவின் மூன்று பெண்களில் ஆரம்பித்தேன். அவள் சிரித்தாள், அக்கா. அதுதான் கொடுமை. நான் எங்கே போகிறேன் என்று தெரியாமல் சிரித்தாள். பிறகு சொன்னேன். மனு போட்டது நான்தான் என்பதையும் சொன்னேன்.

யாருடைய சட்டையையோ தேய்த்துக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தவில்லை. காலரை முடித்து, கையை முடித்து, மடித்து வைத்துவிட்டுக் கேட்டாள்.

“அப்போ அன்னிக்கு அளந்தது?”

நாடா இருந்த பையை முதுகுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டேன்.

“உங்க தாத்தா எங்க சந்துல காலு வைக்க மாட்டாரு. அவரு ஆளுங்க பேரை மட்டும் எப்படி சார் வச்சாரு?”

இதற்குப் பதில் உன்னிடம் இருந்தால் எழுது. சான்றிதழை அனுப்பு என்று இனி கேட்க மாட்டேன். வேறு வழி பார்க்கிறேன் என்று எழுதத்தான் ஆசை. ஆனால் வேறு வழி இல்லை.

தம்பி

*

ஜூன் 24

சிரஞ்சீவி மகனுக்கு அப்பா எழுதுவது.

நானும் உன் அக்காவும் மாப்பிள்ளையும் சௌக்கியம். உன் சௌக்கியத்தையும் மருமகளின் சௌக்கியத்தையும் அறிய ஆவல்.

தையல் மிஷினுக்கு நான்தான் மாதம் ஒரு முறை எண்ணெய் போடுகிறேன். உன் அக்காவுக்கு அது ஞாபகமில்லை. பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு உன் கடிதங்கள் எல்லாவற்றையும் படித்துவிட்டேன். மேலிடம் யார் என்று கண்டுபிடிக்க மட்டும் சற்று நேரம் ஆயிற்று.

ஒரே இரவில் நான் நாலு வீட்டில் தூங்கியிருக்கிறேன். மூன்று வீடு எங்களுடையது அல்ல. இதை எங்கே எழுதிக் கொடுக்கச் சொன்னாலும் எழுதிக் கொடுக்கிறேன். கடிதத்தோடு என் கையெழுத்திட்ட வாக்குமூலம் இருக்கிறது. எழுத்து கொஞ்சம் நடுங்கியிருக்கும். அதிகாரி கேட்டால் வயது என்று சொல்.

எனக்கு எதுவுமே தெரியாது என்று எழுதத்தான் ஆசை. படிக்கும் வயதில் ஒரு முறை உன் தாத்தாவிடம், “அந்தச் சந்துக்குள்ளயும் போனீங்களாப்பா?” என்று கேட்டேன். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். அதற்கப்புறம் நான் கேட்கவில்லை. சான்றிதழின் கண்ணாடியைத் துடைத்துவைத்தேன். உங்கள் இருவரையும் அதற்கு முன்னால் நிறுத்தி நிறுத்தித் திட்டினேன்.

ஆணி துருப்பிடிக்கவில்லை. இழுத்ததும் வந்துவிட்டது. என் பழைய வேஷ்டியில் சுற்றி, தனிப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். கண்ணாடி உடையாமல் வந்ததா என்று எழுது. அது இருந்த இடம் மட்டும் சுவரில் வெள்ளையாகத் தெரிகிறது. உன் அக்கா நாள்காட்டியைக் கொண்டுவந்து மாட்டப் போனாள். வேண்டாம் என்றேன். பிறகு அவள் அங்கேயே நின்று அழுதாள். சம்பந்தி வீட்டுக்கு அவளே போன் போட்டுப் பெரிய தெரு விஷயத்தைச் சொல்லிவிட்டாள்.

நடந்ததை நடந்தபடி எழுது. எனக்குச் சிரிப்புக் கதை வேண்டாம்.

மேலிடம்

*

ஜூலை 20

அன்புள்ள அப்பாவுக்கு மகன் வணக்கத்துடன் எழுதுவது.

இருவரும் நலம். கண்ணாடி ஒரு மூலையில் மட்டும் கீறியிருக்கிறது. பரவாயில்லை, அதை இனி யாரும் மாட்டப் போவதில்லை.

உங்கள் வாக்குமூலம், சான்றிதழ், ரயில் நிலையத் தெருத் தாள், சந்தின் மற்ற தாள்களின் நகல் எல்லாவற்றையும் கொடுத்தேன். அதிகாரி சான்றிதழையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். “சொந்தத் தாத்தாவைப் பொய்யர்னு எழுதித் தர்றீங்க. வீட்ல சம்மதமா?” என்றார். வீட்டில்தான் எழுதிக் கொடுத்தார்கள் என்றேன். சந்தின் தாள்களைத் தள்ளிவைத்துவிட்டு நேரில் விசாரிக்க உத்தரவு போட்டார்கள். முடிவு இன்னும் வரவில்லை. வந்ததும் எழுதுகிறேன்.

நேற்றுதான் விசாரணை. ஒரு பெண் அலுவலர் வந்தார். முதல் வாசலில் குனிந்து உள்ளே போனார். வெளியே வர வெகுநேரம் ஆனது. பிறகு அடுத்த வாசல். யாரும் தப்பவில்லை. தொட்டிலில் கிடந்த குழந்தையைக்கூட எட்டிப்பார்த்துதான் எழுதினார்.

ஒன்பதாம் எண்ணில், அங்கே பரம்பரையாக இருக்கிறார்கள் என்பதற்கு ஒரு சாட்சி வேண்டும் என்றார். நான் வாசலுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தேன். பேனாவை எடுத்து மூடியையும் கழற்றிவிட்டேன். இஸ்திரிக்காரம்மா என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை, அப்பா. வாடிக்கை இல்லாத துணியைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

“அவரு வேணாம் மேடம். அவருக்கு எங்களைத் தெரியாது” என்று சொல்லிவிட்டு, எதிர்வீட்டுப் பெரியவரைக் கூப்பிட்டாள்.

அந்த நாற்காலி உள்ளேதான் கிடந்தது. யாரும் எனக்குப் போடவில்லை. மற்ற வீடுகளும் முடியட்டும் என்று சந்து முனைக்கு வந்து டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தேன். அங்கிருந்து பார்த்தால் எல்லா வாசல்களும் தெரிகின்றன. கதவு எண்களைக்கூடப் படிக்க முடிகிறது. உள்ளே யார் இருக்கிறார்கள் என்பது மட்டும் தெரிவதில்லை. தாத்தா உட்கார்ந்து எழுதிய இடம் அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

உங்கள் மகன்